திண்ணை வீடும் லிஃப்ட் வீடும்

முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர் ஆஸ்பத்திரியில் இருப்பது சில நாள்தான். வீக்கம் வடிந்து, கால் பழகி, புது மூட்டு இருப்பதே மறந்துபோக ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை ஆகும். யார் செய்தது, எந்தக் கம்பெனி மூட்டு, எவ்வளவு ஆச்சு என்று பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் விசாரிக்கிறார்கள். மிச்ச மாதங்கள் கழியப்போகிற வீட்டைப் பற்றி விசாரிப்பவர் குறைவு. வாசலில் எத்தனை படி, கழிவறை எங்கே, ராத்திரி எழுந்தால் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்பவையும் சேர்ந்துதான் அந்தக் காலின் கதியைத் தீர்மானிக்கின்றன.

ஒப்பிட இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, சித்தூர்ப் பக்கத்துப் பழைய தெருவீடு: முன்னால் திண்ணை, ஏறிப்போக மூன்று நான்கு படி, உயர்ந்த நிலைவாசல், காவி போட்ட தரை, கொல்லைப்புறத்தில் கழிவறை. மற்றது, திருப்பதியில் வரிசையாக எழும்பியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு: லிஃப்ட், டைல்ஸ் தரை, படுக்கையறையை ஒட்டிய வெஸ்டர்ன் டாய்லெட், ஹாலில் சோபா. இவை வகைகள், யாரோ ஒருவருடைய வீடு என்று தேட வேண்டாம். சித்தூரிலும் லிஃப்ட் வைத்த கட்டடங்கள் உண்டு, திருப்பதியிலும் கோவிந்தராஜர் கோயிலைச் சுற்றிப் பழைய வீடுகள் உண்டு.

எந்த வீட்டில் கால் நன்றாகத் தேறும் என்று கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் லிஃப்ட் வீட்டைக் கைகாட்டுவார்கள். அது பாதி சரி. எந்த வாரத்தைப் பற்றிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது.

வீடு வந்து சேரும் வழி

இரண்டு ஊர்களும் நெடுங்காலம் ஒரே மாவட்டமாக இருந்தவை. 1911இல் உருவான சித்தூர் மாவட்டம் 1953இல் ஆந்திர மாநிலத்தோடு போனது. 1960இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. சித்தூர், நகரி, குப்பம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் அங்கேயே தங்கிவிட்டன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. கோடுகள் மாறினாலும் நோயாளிகள் போகும் வழி அவ்வளவு மாறவில்லை. சித்தூர்க்காரருக்கு ஆஸ்பத்திரி என்றால் பல தலைமுறையாக வேலூர்தான். சாலையில் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். 1900இல் ஐடா ஸ்கடர் அங்கே ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவம் பின்னால் சி.எம்.சி. ஆக வளர்ந்தது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே மருத்துவம் பார்த்த மேரி வர்கீஸ் முன்னின்று அமைத்த மறுவாழ்வு நிலையம் 1966 முதல் அங்கே நடக்கிறது.

திருப்பதிக்காரருக்கு அவ்வளவு தூரம் வேண்டியதில்லை. போலியோவால் கால் சூம்பியவர்களை மனத்தில் வைத்துத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1985இல் தொடங்கிய பர்ட் மருத்துவமனை எலும்பு, மூட்டுச் சிகிச்சைக்கென்றே இருக்கிறது. 1993இல் வந்த சுவிம்ஸ் மருத்துவமனை, 1960இல் தொடங்கிய எஸ்.வி. மருத்துவக் கல்லூரியோடு இணைந்த ரூயா ஆஸ்பத்திரி என்று பெரிய இடங்கள் ஊருக்குள்ளேயே உள்ளன.

இந்தத் தூர வித்தியாசம் வீட்டுக்குள்ளும் நுழைகிறது. வேலூரிலிருந்து சித்தூர் திரும்புகிறவர் காரில் முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளிக் காலை நீட்டி உட்கார்ந்து, வழியெல்லாம் பாதத்தை மேலும் கீழும் அசைத்தபடி வர வேண்டும். அது பெரிய சிரமமில்லை. வந்த பிறகுதான் சிக்கல். ராத்திரி கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது, காயத்தில் ஈரம் கசிகிறது என்றால், ‘விடியட்டும் நைனா, பாத்துக்கலாம்’ என்று பெரியவர் மகனை அடக்கிவிடுவார். மாநில எல்லை தாண்டிப் போவது அவருக்கு ஒரு நாள் வேலையாகத் தெரிகிறது. ஆகவே தூரத்து வீட்டுக்கு ஒரு சிறு பட்டியல் அவசியம்: கெண்டைக்காலில் புது வலியும் வீக்கமும், காய்ச்சல், காயத்தில் சீழ் அல்லது நிற்காத கசிவு. இவற்றில் எது வந்தாலும் விடியலுக்குக் காத்திருக்கக் கூடாது. மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் உடனே 108. அந்தச் சேவை ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2005இல்தான் பிறந்தது.

பக்கத்தில் ஆஸ்பத்திரி இருப்பவருக்கு வேறொரு பழக்கம் தொற்றுகிறது. பயிற்சி என்றால் பிசியோதெரபி சென்டருக்குப் போய்ச் செய்வது என்று அவர் நினைத்துக்கொள்கிறார். போகாத நாளில் கால் சும்மா கிடக்கிறது. தூரத்து வீட்டுக்காரர் ஆபத்தைக் குறைத்து மதிக்கிறார்; பக்கத்து வீட்டுக்காரர் தன் பங்கு வேலையைக் குறைத்து மதிக்கிறார்.

முதல் இரண்டு வாரம்

தையலோ ஸ்டேப்ளர் பின்னோ எடுக்கப்படும் வரையிலான பத்துப் பதினான்கு நாளில் இரு வீடுகளுக்கும் பாடம் ஒன்றே. ரத்தம் உறையாமலிருக்க டாக்டர் எழுதிய மாத்திரையோ ஊசியோ நிற்கக் கூடாது. பாதத்தை அசைப்பது, தொடைத் தசையை இறுக்கி விடுவது, குதிகாலை இழுத்து முட்டியை மடக்குவது என்று நாளைக்கு மூன்று நான்கு தடவை. நடுவில் துணி சுற்றிய ஐஸ் பை 15, 20 நிமிடம். வலி மாத்திரையைப் பயிற்சிக்கு முன்னால் வருமாறு நேரம் பார்த்துப் போட்டுக்கொண்டால் காலை மடக்கத் துணிவு வரும். ‘மாத்திரை போடாமலே தாங்கிக்கிட்டேன்’ என்று பெருமை பேசுகிறவர் பயிற்சியையும் சேர்த்தே விட்டிருப்பார்.

இரண்டு வீடுகளிலும் நடக்கும் பொதுத் தவறு ஒன்று உண்டு. முட்டிக்கு அடியில் தலையணை வைப்பது. வைத்த உடனே இதமாக இருக்கும், வலி குறைந்த மாதிரி இருக்கும். கால் அப்படியே லேசாக மடங்கிய நிலையில் இறுகிவிடும். முழுசாக நீளாத கால் நிற்கும்போதும் நடக்கும்போதும் தொடைத் தசையை ஓயாமல் வேலை வாங்கும். நடையில் நொண்டல் தங்கும். மடங்குவது குறைந்தால் சிலவற்றைச் செய்ய முடியாது. நீளுவது குறைந்தாலோ ஒவ்வோர் அடியும் சிரமம். தலையணையையோ சுருட்டிய துண்டையோ குதிகாலுக்கு அடியில் வைத்து, முட்டியைத் தானாகக் கீழே தாழவிடுவதுதான் சரி. சித்தூர் வீட்டில் இந்தத் தவறை இன்னும் பெரிதாகச் செய்வது கயிற்றுக் கட்டில். நடுவில் தொய்ந்து காலை மடக்கியே வைக்கும், எழுந்திருக்கவும் விடாது. திருப்பதி வீட்டில் அதே வேலையைச் சோபா செய்கிறது. தாழ்ந்து அமிழும் மெத்தையிலிருந்து எழ, முட்டி தன்னால் முடிந்ததற்கு மேல் மடங்க வேண்டியிருக்கும். இரு வீட்டுக்கும் வேண்டியது கைப்பிடி வைத்த, உயரமான, கெட்டியான நாற்காலி ஒன்று.

சாப்பாட்டிலும் இரு வீடுகளும் ஒரே மாதிரி தடுமாறுகின்றன. புண் ஆறும் வரை பருப்பு கூடாது, முட்டை கூடாது, கத்தரிக்காய் தொட்டால் சீழ் பிடிக்கும் என்று ரசம் சாதத்தில் நிறுத்திவிடுகிறார்கள். தசை கரையும் காலத்தில் பருப்பும் முட்டையும் மீனும் தயிரும்தான் வேண்டும். வலி மாத்திரையால் வரும் மலச்சிக்கலுக்குக் கீரையும் பழமும் தண்ணீரும். சர்க்கரை நோய் இருந்தால் அதன் கணக்கைத் தவறவிடக் கூடாது. காயத்தில் கிருமி சேர அது பெரிய வாசல்.

இந்தப் பகுதிக்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் இருக்கிறது. எலும்பு முறிவுக்குப் புத்தூர் கட்டு என்றால் சென்னையிலும் தெரியும். அந்த ஊர் இங்கிருந்து கூப்பிடு தூரம். அதனால் வீக்கம் வடியவில்லை என்றதும், பச்சிலை வைத்துக் கட்டிப் பார்க்கலாமா, எண்ணெய் போட்டு நீவி விடலாமா என்று யோசனை வரும். மாற்று மூட்டில் சேர வேண்டிய முறிவு எதுவும் இல்லை. உள்ளே இருப்பது உலோகமும் பிளாஸ்டிக்கும். ஆறாத தோலின் மேல் பச்சிலை கிருமிக்கு வழி. ரத்தக்கட்டி இருக்கக்கூடிய கெண்டைக்காலை அழுத்தி நீவுவது அதைவிட ஆபத்து. மூட்டில் சூடும் வீக்கமும் சில மாதம் இருப்பது இயல்பு. தழும்பின் வெளிப்புறம் மரத்துப்போயிருப்பதும் அங்கே ஓடும் சின்ன நரம்பு அறுபடுவதால்தான். வைத்தியம் தேட வேண்டாம்.

தரை கேட்பதும் நாற்காலி கேட்பதும்

சமதளத்தில் நடக்க முழங்கால் சுமார் 65, 70 டிகிரி மடங்கினால் போதும். படி ஏற 80ஐத் தாண்ட வேண்டும். நாற்காலியிலிருந்து எழ 90ஐத் தாண்ட வேண்டும். குந்தி உட்கார 110க்கு மேல் தொடங்கி 160 வரை போகலாம். ஆபரேஷனுக்குப் பிறகு பெரும்பாலோருக்குக் கடைசியில் கிடைப்பது 110, 120 டிகிரி. ஆபரேஷனுக்கு முன்னால் எவ்வளவு மடங்கியதோ, அதையொட்டியே பின்னாலும் மடங்கும்.

இந்த அளவுகளை வைத்துப் பார்த்தால் இரண்டு வீடுகளின் வேறுபாடு துலங்கும். லிஃப்ட் வீட்டில் ஒரு நாளை முழுக்க 95 டிகிரியில் ஓட்டிவிடலாம். கட்டில், நாற்காலி, கமோடு, சாப்பாட்டு மேஜை எல்லாம் ஒரே உயரத்தில் காத்திருக்கின்றன. திண்ணை வீடோ தரையில் வாழக் கட்டியது. பாயில் படுக்கை, மணையில் சாப்பாடு, அரிவாள்மணையில் காய்கறி, கொல்லையில் குந்திப் பாத்திரம் துலக்குதல். ஒவ்வொன்றும் 120க்கு மேலே கேட்கிறது.

தரையில் உட்கார வேண்டும் என்ற ஆசைக்கு விலைச்சீட்டும் இருந்தது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு மூட்டு உள்வைப்புகளுக்கு உச்சவரம்பு வைத்தது. சராசரியாக 1,58,324 ரூபாய்க்கு விற்ற கோபால்ட் குரோமியம் மூட்டு, ஜி.எஸ்.டி. நீங்கலாக 54,720 ரூபாய்க்கு இறங்கியது. அதிகமாக மடங்கும் என்று சொல்லி 1,81,728 ரூபாய்க்கு விற்றுவந்த ‘ஹை ஃபிளெக்ஸ்’ மூட்டு 56,490 ஆனது. இருபத்து மூவாயிரத்துக்கு மேல் இருந்த வித்தியாசம் 1,770 ரூபாயாகச் சுருங்கிவிட்டது. சாதாரண மூட்டையும் இதையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பலவற்றில் மடங்கும் அளவில் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. மடக்குவதைக் கடையில் வாங்க முடியாது. முதல் ஆறு வாரத்தில் சம்பாதிக்க வேண்டும். இரண்டு வாரத்தில் 90ஐ நெருங்குவது நல்ல கணக்கு. ஆறு வாரமாகியும் 90 வரவில்லை என்றால் டாக்டரிடம் போய்விட வேண்டும். மயக்க மருந்து கொடுத்து மடக்கிவிடும் வழி உண்டு; மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் பலன் அதிகம்.

இந்த இடத்தில் திண்ணை வீட்டின் பெருமையைச் சொல்லியாக வேண்டும். முட்டி மடக்கும் பயிற்சிக்குத் திண்ணை ஓரத்தைப் போல வசதியான இடம் குறைவு. உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் காலின் எடையே முட்டியை மடக்கும். நல்ல காலை முன்னால் கோத்து மெல்லப் பின்னுக்குத் தள்ளலாம். காவித் தரையின் வழவழப்பில் குதிகாலுக்கு அடியில் ஒரு துணி போட்டு இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். முற்றத்துத் தூணைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்கலாம். சொரசொரப்பு டைல்ஸும் உருளும் நாற்காலியும் உள்ள வீட்டில் இதற்கெல்லாம் இடம் தேட வேண்டும்.

கழிவறையும் படியும்

முதல் வாரங்களில் வீட்டுக்கு வீடு மிகப் பெரிய வித்தியாசம் கழிவறையில். சித்தூர் வீட்டில் அதற்குப் போவது ஒரு யாத்திரை: நிலைவாசல் தாண்டி, கொல்லைக்கு இறங்கி, பாசி பிடித்த கல்லில் நடந்து, மங்கலான பல்பு வெளிச்சத்தில் குந்த வேண்டும். வாக்கரோடு இது நடக்கிற காரியம் இல்லை. ஆபரேஷனுக்கு முன்பே நடுவில் துளையிட்ட கமோடு நாற்காலியை வாங்கி வைத்துவிட வேண்டும். பகலில் அதை இந்தியன் டாய்லெட்டின் மேல் வைக்கலாம்; ராத்திரி அடியில் பாத்திரம் வைத்துக் கட்டில் பக்கத்திலேயே. பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். அந்தக் கூச்சத்தை ஆபரேஷனுக்கு முன்னாலேயே பேசித் தீர்த்துவிட்டால், கொல்லையில் விழுந்து தொடை எலும்பு முறிந்த பிறகு பேச வேண்டியிருக்காது.

திருப்பதி வீட்டில் கமோடு பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே ஆபத்து ஈரமான டைல்ஸ். எழும்போது கை தானாகத் துண்டுக் கம்பியைப் பிடிக்கிறது. அது துண்டைத் தாங்கச் செய்தது, ஆளைத் தாங்காது. சுவரில் துளையிட்டுப் பதித்த கைப்பிடி ஒன்று, கமோடின் உயரத்தைக் கூட்டும் இருக்கை ஒன்று, குளிக்க வழுக்காத நாற்காலி ஒன்று. செலவு சின்னது. வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் சுவரைத் துளைக்க அனுமதி கேட்பதும் ஆபரேஷன் ஏற்பாடுகளில் ஒன்று.

படியில் நிலைமை தலைகீழ். ‘ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது ஆபரேஷன் கால் முன்னால்’ என்ற விதியை ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அனுப்புவார்கள். தெருவீட்டுக்காரர் முதல் நாளே அதைச் செய்தாக வேண்டும், வாசலில் நாலு படி இருக்கிறது. அந்தப் படிகளுக்குக் கைப்பிடி இருக்காது. பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு இரும்புக் குழாயாவது நட வேண்டும். லிஃப்ட் வீட்டுக்காரர் அந்த விதியை ஒரு தடவைகூடப் பயன்படுத்தாமல் மூன்று மாதத்தை ஓட்டிவிடலாம். அவர் கால் மடங்கும், ஆனால் உடம்பின் எடையை உயர்த்தும் பலம் தொடைக்கு வந்திருக்காது. ஒரு நாள் மின்சாரம் போய் லிஃப்ட் நின்றால்தான் அது தெரியவரும்.

ஆட்கள்

தெருவீட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நாத்தனார் வருவார், எதிர்வீட்டுப் பெரியம்மா வருவார், பழம் வாங்கிக்கொண்டு சம்பந்தி வருவார். கூப்பிட்ட குரலுக்கு யாராவது இருப்பது பெரிய பாதுகாப்பு. அதே அன்பு பயிற்சிக்குக் குறுக்கே நிற்கிறது. முட்டியை மடக்கும்போது முகம் சுளித்தால், ‘எதுக்கு இப்படி வதைச்சுக்கறே, ரெஸ்ட் எடு’ என்று நிறுத்திவிடுகிறார்கள்.

லிஃப்ட் வீட்டில் பல சமயம் கணவனும் மனைவியும் மட்டும். பிள்ளைகள் பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ கடல் தாண்டியோ இருக்கிறார்கள். பிசியோ குறித்த நேரத்துக்கு வந்து, வலித்தாலும் விடாமல் மடக்கிவிட்டுப் போகிறார். அவர் போன பிறகு 23 மணி நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் கண்காணிக்க ஆள் இல்லை, வழுக்கினால் பிடிக்கவும் ஆள் இல்லை.

பெண்ணாக இருந்தால் இரு வீட்டிலும் இன்னொரு விஷயம் சேர்கிறது. மூன்றாவது வாரம் வாக்கரை ஓரமாக வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுகிறார். நடமாட்டம்தானே, நல்லதுதானே என்று வீடும் விட்டுவிடுகிறது. அடுப்பின் முன் ஒரு மணி நேரம் நிற்பது பயிற்சியில் சேராது. சாயங்காலம் கால் வீங்கி, உண்மையான பயிற்சிக்கு மடங்க மறுக்கும். வேலை செய்ததால் பயிற்சி முடிந்தது என்று கணக்கு வைக்கும் பெண்களின் மூட்டு ஓய்வு, பயிற்சி இரண்டையும் இழக்கிறது. ஆறு வாரத்துக்கு அடுப்படி யார் பொறுப்பு என்பதை ஆபரேஷன் தேதி குறிக்கும்போதே குறிக்க வேண்டும்.

வீடு போதுமா?

வீட்டில் தேறுவது இரண்டாந்தர ஏற்பாடு, வசதி உள்ளவர்கள் மறுவாழ்வு மையத்தில் தங்கித் தேறுவார்கள் என்று ஒரு நினைப்பு உண்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 165 நோயாளிகளை வைத்து நடத்தி 2017இல் வெளியான ஆய்வு இதை நேராகவே சோதித்தது. ஒரு சாராரைப் பத்து நாள் மையத்தில் தங்கவைத்துப் பயிற்சி கொடுத்துப் பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் மேற்பார்வையோடு வீட்டிலேயே பயிற்சி செய்தார்கள். 26 வாரம் கழித்து ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று அளந்தபோது வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர். அதாவது வித்தியாசமே இல்லை. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தினர் சுமார் 300 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2020இல் வந்தது. திரை வழியாகப் பயிற்சி பெற்றவர்கள் நேரில் பெற்றவர்களுக்குப் பின்தங்கவில்லை, செலவும் குறைந்தது. கட்டிலில் வைத்துக் காலைத் தானாக மடக்கி நீட்டும் இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் அதன் பலன் ஓரிரு டிகிரிதான்.

இவை தெம்பு தரும் முடிவுகள். ஆனால் சிட்னி வீடு எது மாதிரி? நாற்காலி, கமோடு, உயர்ந்த கட்டில். ஏறக்குறைய நம் திருப்பதி வீடு. வீட்டிலேயே தேறலாம் என்ற முடிவைத் திண்ணை வீட்டுக்குக் கொண்டுவரும் முன், அந்த வீட்டை முதலில் சிட்னிக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். சொல்லப்போனால் அந்த ஆய்வு வீட்டை மட்டும் புகழவில்லை. யாரோ ஒருவர் விடாமல் பின்தொடர்ந்த வீட்டைப் புகழ்ந்தது.

ஒரு காலா, இரண்டுமா என்பதும் வீட்டைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு. பிரதமராக இருந்த வாஜ்பாய் 2000 அக்டோபரில் இடது முட்டியையும் 2001 ஜூனில் வலது முட்டியையும் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் மாற்றிக்கொண்டார். அறுவை செய்த சித்தரஞ்சன் ரணாவத், இன்றைய மூட்டுகளுக்கு முன்னோடியான ‘டோட்டல் காண்டைலர்’ மூட்டை 1970களில் நியூயார்க்கில் வடிவமைத்தவர்களில் ஒருவர். இடையில் எட்டு மாதம் விட்டார்கள். ஒரே தடவையில் இரண்டையும் முடித்தால் ஒரு மயக்கம், ஒரு செலவு, ஒரு விடுப்பு. இதற்கு உடம்பு இடம் கொடுக்கிறதா என்பதை டாக்டர் சொல்வார். வீடு இடம் கொடுக்கிறதா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். இரண்டும் ஆபரேஷன் கால்களாக இருக்கும்போது ‘நல்ல கால் முன்னால்’ என்ற விதிக்கு நல்ல கால் கிடையாது. லிஃப்ட் வீடு இதைச் சமாளித்துவிடும். நாலு படியும் கொல்லைக் கழிவறையும் உள்ள வீட்டில் ஒவ்வொரு காலாகச் செய்வதே விவேகம்.

காணிப்பாக்கமும் திருமலையும்

குணமான காலை இந்தப் பகுதி மக்கள் எங்கே கொண்டுபோய்ச் சோதிக்க விரும்புகிறார்கள் என்பதிலும் இரண்டு ஊர்களின் குணம் தெரிகிறது. சித்தூருக்குப் பக்கத்தில் காணிப்பாக்கம் விநாயகர். அவர் முன்னால் காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட ஆசை. திருப்பதியில் அலிபிரிப் பாதையின் 3,550 படி. சந்திரகிரிப் பக்கத்து ஸ்ரீவாரி மெட்டு என்றால் 2,388. ‘முட்டி நல்லாகட்டும், நடந்தே மலையேறி வர்றேன்’ என்று வேண்டிக்கொண்டவர்கள் இரு ஊரிலும் உண்டு.

முதல் வேண்டுதல் மூட்டின் மடக்கத்தைக் கேட்கிறது. இரண்டாவது தொடையின் பலத்தையும் நெஞ்சின் தெம்பையும் கேட்கிறது. எடையைத் தாங்கிக்கொண்டு ஆழமாகக் குந்தி எழுவது மாற்று மூட்டுக்கு உகந்ததல்ல. பிள்ளையாருக்கு நாற்காலி உயரம் வரை முட்டியை வளைத்து மூன்று முறை போட்டால் போதும். நமாஸ் செய்பவருக்கு நாற்காலி, முழங்காலிடுபவருக்கு நின்றபடி ஜெபம் என்று எல்லாச் சன்னிதியிலும் வழி உண்டு. மலைப்பாதை, ஆழமாகக் குந்துவதைப் போல அறவே விலக்க வேண்டியதல்ல. ஆனால் மூட்டு மாற்றினவர் முதல் வருஷத்தில் எடுக்க வேண்டிய சோதனை இல்லை அது. ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிக்குப் பாரம். மலைக்குச் சாலை 1944லேயே வந்துவிட்டது, இரண்டாவது சாலை 1974இல். பெருமாளே பஸ்ஸை ஒப்புக்கொண்டு எண்பது வருஷம் ஆகிறது.

எதிர்பார்ப்பை அளந்து வைப்பது வெறும் பக்தி விஷயமில்லை. மூட்டு மாற்றியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் முழு நிறைவில்லை என்கிறார் என்று கனடாவில் செய்து 2010இல் வெளியான பெரிய ஆய்வு சொன்னது. அதற்கு முதன்மையான காரணமாகத் தெரிந்தது எதிர்பார்த்தது கிடைக்காததுதான். வலியில்லாமல் சந்தைக்கு நடக்க வேண்டும் என்று எதிர்பார்த்தவருக்கு அது கிடைக்கிறது. இருபது வயதுக் கால் திரும்பும் என்று எதிர்பார்த்தவர் நன்றாக நடந்துகொண்டே குறைப்பட்டுக்கொள்கிறார்.

இரண்டையும் சேர்த்தால்

ஆக, திண்ணை வீடு ஆரம்பத்தில் ஆபத்தானது, பின்னால் உபகாரமானது. லிஃப்ட் வீடு ஆரம்பத்தில் உபகாரமானது. பின்னால் காலைச் சோம்பேறியாக்குவது. முதல் ஆறு வாரம் சித்தூர் வீட்டைத் திருப்பதி வீடாக்க வேண்டும். உயரமான கட்டில், கைப்பிடி நாற்காலி, கமோடு நாற்காலி, வாசற்படிக்கு ஒரு பிடி, கொல்லைக்கு ஒரு நல்ல பல்பு. படுக்கையை முன்கூடத்துக்கு மாற்றிவிட்டால் பாதி நடை மிச்சம்.

ஆறு வாரம் தாண்டி, டாக்டர் பார்த்து, வாக்கர் போய்க் கைத்தடி வந்த பிறகு திருப்பதி வீட்டைச் சித்தூர் வீடாக்க வேண்டும். மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்து நாளைக்கு ஒரு தளம் ஏறுவது, இறங்க லிஃப்ட்; தொடை பலப்பட்டபின் இறங்கவும் படி. சோபாவை விட்டுக் கெட்டி நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்துத் தடவை எழுவது. சமையல் மேடையைப் பிடித்துப் பாதி உட்கார்ந்து நிமிர்வது. அடுக்குமாடியின் நீண்ட வராந்தாவில் சாயங்காலம் நடப்பது. பழைய வீட்டுக்குக் கிடைக்காத சமதளம் அது. தரையில் உட்காருவதை மட்டும் இரண்டு வீடுகளும் டாக்டரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். முடிந்தவர்களும் தவறி விழாமல் எழுந்திருக்கத் தெரிந்த பிறகே உட்கார வேண்டும்.

ஆபரேஷனுக்குத் தேதி வாங்கப் போகும்போது ஸ்கேனும் எக்ஸ்ரேயும் எடுத்துப் போகிறோம். கூடவே செல்போனில் வாசற்படி, படுக்கை, கழிவறை ஆகிய மூன்றையும் படம் எடுத்துப் போய்ப் பிசியோவிடம் காட்டலாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி அச்சடித்துக் கொடுக்கும் பயிற்சித் தாளில், இந்த வீட்டுக்கு எந்த வரி முதலில், எந்த வரி ஆறாவது வாரத்தில் என்று அவர் குறித்துக் கொடுப்பார். சித்தூரில் இருந்தாலும் திருப்பதியில் இருந்தாலும் அந்தக் குறிப்பு பக்கத்து வீட்டுக்காரரின் குறிப்பாக இருக்காது.